வாளியின் எடையும் உலர்ந்த ரப்பரும்: புதிதாகக் கோல்ஃப் ஆடுவோர் தம் முன்னேற்றத்தை அளந்துகொள்ளும் முறை

ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கோல்ஃபின் ஹேண்டிகேப் கணக்கு (ஆட்டத்திறனுக்கேற்ப ஒருவருக்குத் தரும் சலுகை அடிகளின் எண்; குறையக் குறைய நல்லது) அந்நியமானதன்று. என் அப்பா பால்மரம் வெட்டிய காலத்தில், வாளிகளை ஸ்டோருக்குக் கொண்டுவந்ததும் கிராணி முதலில் எடை போடுவார். ஆனால் கூலிக்கு அந்த எடை மட்டும் போதாது. மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இறக்கி, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்த பிறகே செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் எண் ஏறும். மரத்திலிருந்து இறங்கும் பாலில் உலர்ந்த ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மழைத்தண்ணீர் கலந்துவிட்டால் அதுவும் குறையும். ஆகவே இருவருடைய வாளிகள் ஒரே எடை காட்டினாலும், இருவரும் ஒரே அளவு ரப்பர் கொண்டுவந்தார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கோல்ஃபில் ஒருவர் 18 குழிகளை 104 அடிகளில் முடித்தார் என்பதும் வாளியின் எடையைப் போன்றதுதான். அது எந்தத் திடல், எந்த டீ (முதல் அடியை அடிக்கும் இடம்), எவ்வளவு கடினம் என்று தெரியாதவரை அந்த 104 நல்ல ஆட்டமா, சுமாரான ஆட்டமா என்று தீர்மானிக்க முடியாது.

எங்கள் ஊர்த் திடலில் 9 குழிகளே உண்டு. ஒரு காலத்தில் துரைமார்களுக்காக உருவான இடம் அது. தோட்டத்துப் பையன்கள் மட்டைப்பை தூக்கத்தான் அங்கே போனார்கள். இந்த நாட்டில் கோல்ஃப் வேரூன்றியது அப்படித்தான். சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. பிற்காலத்தில் எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற தமிழர்கள் மலேசியாவின் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பெயர் எடுத்தார்கள். இப்போது ஆலையில் வேலை செய்பவர்களும், ஆசிரியர்களும், ஓய்வு பெற்றவர்களும், ஒருவர் பயன்படுத்திய மட்டைகளை வாங்கிக்கொண்டு மோட்டாரில் வந்து ஆடுகிறார்கள். இப்படி வருகிறவர்கள் மூன்று நான்கு மாதம் கழித்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நான் முன்னேறுகிறேனா, இல்லையா? அதற்கு விடை காண இரண்டு கணக்குகள் வேண்டும். எவ்வளவு முன்னேறினோம் என்பதை ஹேண்டிகேப் சொல்லும். அடிகள் எங்கே வீணாகின்றன என்பதை நாமே எழுதும் நோட்டுதான் சொல்லும். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தடுமாறுகிறவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

முதல் வேலை: ஒழுங்கான மூன்று கார்டுகள்

உலக ஹேண்டிகேப் முறை 2020ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் உலகில் ஆறு வெவ்வேறு முறைகள் இருந்தன. அவற்றை ஒன்றாக்கியதே இம்முறை. இதில் சேர்வதற்கு ஒரு கிளப்பின் வழியாகப் பதிவு செய்துகொண்டு, மொத்தம் 54 குழிகளுக்கான அடிகளை எழுதிய கார்டுகளைக் கொடுத்தால் போதும். 18 குழிச் சுற்றாக மூன்று ஆடலாம். 9 குழிச் சுற்றுகளைச் சேர்த்தும் அந்த எண்ணிக்கையை எட்டலாம்.

கார்டு ஒழுங்கானதாக இருப்பதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. விதிப்படி ஆட வேண்டும்; உடன் ஆடுபவர் ஒருவர் உங்கள் அடிகளைக் கவனித்துக் கையெழுத்திட வேண்டும்; ஆடிய அன்றே கார்டைச் சேர்த்துவிட வேண்டும். குழிக்கு அருகே வந்த பந்தை நண்பர்கள் "எடுத்துக்கொள்" என்று விட்டுக்கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் தாராளமாக இருக்கிறது. அன்பினால் செய்வதுதான் என்றாலும், அளவு தெரிய வேண்டிய நாளில் அந்தக் கடைசி அடியையும் அடித்து முடியுங்கள். ஒரு மீட்டர் தூரத்துப் பட்டில், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடியில், எத்தனை தவறுகின்றன என்பது, அதை அடித்துப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும்.

புதியவர்கள் ஒரே குழியில் 13, 14 என்று அடித்து மனம் உடைவதுண்டு. ஹேண்டிகேப் கணக்கில் அந்த எண் அப்படியே ஏறாது. இண்டெக்ஸ் (கார்டுகளிலிருந்து கணக்கிட்டுத் தரும் ஹேண்டிகேப் எண்) இன்னும் கிடைக்காதவருக்கு ஒரு குழியின் உச்சவரம்பு, அக்குழியின் பாரோடு (தேர்ந்த ஆட்டக்காரர் அதை முடிக்க வேண்டிய அடிகளோடு) 5. பார் 4 குழியில் நீங்கள் 13 அடித்திருந்தாலும் கணக்குக்கு 9 என்றே எடுத்துக்கொள்வார்கள். இண்டெக்ஸ் கிடைத்த பிறகு இந்த வரம்பு, பாரோடு 2, அதனோடு அந்தக் குழியில் உங்களுக்குரிய சலுகை அடிகள் என்று மாறும். ஒரு குழி கெட்டதனால் ஒரு சுற்றே கெட்டதாகிவிடக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம். ஆகவே நடுவில் மனம் தளர்ந்து கார்டைக் கிழித்துப் போடாதீர்கள். கிழித்துப் போட்ட கார்டும் உங்கள் ஆட்டத்தின் ஒரு பகுதியே.

இரண்டாவது வேலை: உலர்ந்த எடையைக் காண்பது

ஒவ்வொரு திடலுக்கும், ஒவ்வொரு டீக்கும் இரண்டு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். கோர்ஸ் ரேட்டிங் என்பது ஹேண்டிகேப் தேவைப்படாத தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் அங்கே எடுக்கக்கூடிய அடிகளின் மதிப்பீடு. ஸ்லோப் ரேட்டிங் என்பது அத்தகைய ஆட்டக்காரரோடு ஒப்பிட, சாதாரண ஆட்டக்காரருக்கு அந்தத் திடல் எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பதைக் காட்டுவது. ஸ்லோப் 55 முதல் 155 வரை இருக்கலாம். 113 என்பது அதன் நடுநிலை அளவு.

கணக்கு எளியது. வரம்புக்கு உட்படுத்திய உங்கள் மொத்த அடிகளிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழித்து, வருவதை 113ஆல் பெருக்கி, ஸ்லோப் ரேட்டிங்கால் வகுக்க வேண்டும். கிடைப்பது அந்தச் சுற்றின் வேறுபாட்டு எண். எடுத்துக்காட்டாக, உள்ளூர் 9 குழித் திடலை இருமுறை சுற்றினால் பார் 70, ரேட்டிங் 67.8, ஸ்லோப் 116 என்று வைத்துக்கொள்வோம். அங்கே 104 அடித்தால் வேறுபாடு 35.3. அதே ஆள் அடுத்த வாரம் நகரத்துப் பெரிய திடலுக்குப் போகிறார். அங்கே பார் 72, ரேட்டிங் 72.4, ஸ்லோப் 132. அங்கே 109 அடித்துவிட்டு முகம் வாடித் திரும்புகிறார். ஆனால் அந்தச் சுற்றின் வேறுபாடு 31.3. வாளியின் எடையில் 5 கூடினாலும், உலர்ந்த எடையில் அவர் 4 அடி முன்னேறியிருக்கிறார். அன்று அவர் மகிழ்ச்சியோடு வீடு திரும்பியிருக்க வேண்டும்.

மூன்று கார்டுகள் மட்டுமே இருக்கும்போது, அவற்றுள் மிகக் குறைந்த வேறுபாட்டிலிருந்து 2.0 கழித்து முதல் இண்டெக்ஸ் தருவார்கள். மேலே சொன்ன இரண்டோடு மூன்றாவதாக 36.8 இருந்தால், 31.3இல் 2.0 கழிய 29.3. கார்டுகள் கூடக் கூட, கணக்கில் சேரும் சிறந்த சுற்றுகளின் எண்ணிக்கையும் கூடி, 20 கார்டுகள் சேர்ந்த பின் அண்மைய 20இல் சிறந்த 8இன் சராசரி என்ற நிலையான முறைக்கு வந்துவிடும். இண்டெக்ஸின் உச்சவரம்பு 54.0. ஆகவே தகுதி இல்லையே என்று யாரும் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

ஆடப் போகும் நாளில் இண்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி, 113ஆல் வகுத்து, ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்தால் அன்றைய சலுகை அடிகள் கிடைக்கும். 29.3 உடையவருக்கு மேற்சொன்ன உள்ளூர்த் திடலில் 28, நகரத்துத் திடலில் 35. கிளப்புகளில் இதற்கான அட்டவணையோ செயலியோ இருக்கும் என்றாலும், ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். கணக்கின் மீது நம்பிக்கை பிறக்கும்.

இண்டெக்ஸ் சொல்வதும் சொல்லாததும்

புதியவர்கள் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். இண்டெக்ஸ் உங்கள் சராசரி ஆட்டத்தைக் காட்டுவதில்லை. 20இல் சிறந்த 8ஐ மட்டும் எடுத்துக்கொள்வதால், நன்றாக ஆடும் நாளில் உங்களால் எவ்வளவு முடியும் என்பதையே அது காட்டுகிறது. அந்த 8இலும் ஏறக்குறைய பாதிதான் சராசரிக்குக் கீழே இருக்கும். ஆகவே 20 சுற்றுகளில் நான்கைந்து முறைதான் உங்கள் இண்டெக்ஸுக்குச் சமமாகவோ அதைவிடச் சிறப்பாகவோ ஆடுவீர்கள். மற்ற நாள்களில் அதைவிட மோசமாக ஆடுவது இயல்பு. இது தெரியாமல், "என் ஹேண்டிகேப்புக்கு என்னால் ஆடவே முடியவில்லை" என்று வருந்தி மட்டையைத் தூக்கிப் போட்டவர்களை நான் அறிவேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நன்றாக ஆடிய நாளில் இண்டெக்ஸ் ஏறிவிடலாம். உங்கள் 20 கார்டுகளில் மிகப் பழையது 22.0 என்ற அருமையான சுற்று என்று வைத்துக்கொள்வோம். இன்று நீங்கள் 27.5 ஆடுகிறீர்கள், அது சிறந்த எட்டுக்குள் இடம்பிடிக்கும் அளவுக்கு நல்ல ஆட்டம். ஆனால் புதிய கார்டு உள்ளே வரும்போது பழைய 22.0 வெளியேறிவிடுகிறது. எட்டின் கூட்டுத்தொகையில் 5.5 கூடுவதால் இண்டெக்ஸ் 0.7 ஏறுகிறது. இதில் இன்றைய ஆட்டத்தின் குற்றம் ஒன்றுமில்லை. மாதம் இரண்டு சுற்று ஆடுபவருக்கு 20 கார்டு என்பது பத்து மாதத்துக் கதை. அவருடைய இண்டெக்ஸ் பத்து மாதத்துக்கு முந்தைய ஒரு நல்ல நாளையும் சுமந்துகொண்டிருக்கும். அது ஏறினாலும் இறங்கினாலும், உள்ளே வந்தது எது, வெளியே போனது எது என்று பார்த்த பிறகே எந்த முடிவுக்கும் வர வேண்டும்.

இந்தக் காரணத்தால் நான் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்திச் சொல்வது, சிறந்த 8 போக மீதி 12இன் சராசரியையும் எழுதி வையுங்கள் என்பதே. கிளப் இதைக் கணக்கிட்டுத் தராது. நாமேதான் போட வேண்டும். ஒருவருடைய சிறந்த 8இன் சராசரி 24.6, மீதி 12இன் சராசரி 33.9 என்று இருந்து, ஓராண்டு கழித்து அவை முறையே 24.2, 29.8 என்று ஆகின்றன என்று கொள்வோம். இண்டெக்ஸ் மட்டும் பார்ப்பவருக்கு 0.4 குறைந்ததாகத் தெரியும். ஓராண்டு உழைப்புக்கு இவ்வளவுதானா என்று சோர்ந்துபோவார். ஆனால் 20 சுற்றுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 30.2இலிருந்து 27.6க்கு வந்திருக்கிறார். சுற்றுக்கு இரண்டரை அடிக்கு மேல் மிச்சம். அவருடைய நல்ல நாள் அப்படியே இருக்கிறது. கெட்ட நாள்தான் திருந்தியிருக்கிறது. என் அனுபவத்தில் முதல் இரண்டு ஆண்டுகளின் முன்னேற்றம் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வருகிறது. இண்டெக்ஸ் அதைக் காட்டுவதேயில்லை.

ஹேண்டிகேப்பை வேண்டுமென்றே உயர்த்தி வைத்திருப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். நல்ல கார்டுகளை மறைத்துவிட்டுப் போட்டி நாளில் பரிசு வாங்குவது, பாலில் தண்ணீர் ஊற்றி எடை காட்டுவதற்குச் சமம். ஹேண்டிகேப் முறையே இதற்குச் சில காவல்களை வைத்திருக்கிறது. ஒருவர் தம் இண்டெக்ஸைவிட 7.0 அல்லது அதற்கு மேல் சிறப்பாக ஒரு சுற்று ஆடினால் இண்டெக்ஸ் கூடுதலாகக் குறைக்கப்படும். ஓராண்டுக்குள் எட்டிய மிகக் குறைந்த இண்டெக்ஸிலிருந்து 3.0க்கு மேல் ஏறத் தொடங்கினால் அந்த ஏற்றம் பாதியாக்கப்படும், 5.0க்கு மேல் ஏறவே முடியாது. ஆனால் மறைப்பவர் முதலில் ஏமாற்றுவது தம்மைத்தான். முன்னேற்றம் தெரிய வேண்டுமானால் எல்லாக் கார்டுகளும் வேண்டும்.

மூன்றாவது வேலை: நோட்டு

சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய நோட்டும் ஒரு பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், நம் ஊரில் பிற்பகல் மழையில் மை கரைந்துவிடும். செயலிகள் பல இருக்கின்றன. விரும்புகிறவர்கள் அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் புதியவருக்கு நோட்டே மேல் என்பது என் கருத்து, ஏனெனில் கையால் எழுதும்போது அந்த அடி இன்னொருமுறை நினைவுக்கு வருகிறது.

முதல் பத்துச் சுற்றுகளுக்கு ஒவ்வொரு குழிக்கும் நான்கு செய்திகள் போதும். எத்தனை அடி, தண்டனை அடி அல்லது தொலைந்த பந்து உண்டா, எத்தனை பட், முதல் பட்டை எத்தனை தப்படி தூரத்திலிருந்து அடித்தீர்கள். பத்துச் சுற்று கடந்த பின் இன்னும் இரண்டைச் சேர்க்கலாம்: டீயிலிருந்து அடித்த பந்து இடது, நடு, வலது எங்கே போனது, 50 மீட்டருக்குள் வந்த பிறகு பந்தைக் கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரையில், ஏற்ற எத்தனை அடி பிடித்தது. இதற்கு மேல் எழுதத் தொடங்கினால் ஆட்டம் தாமதமாகும், பின்னால் வருகிறவர்கள் காத்திருக்க வேண்டிவரும். எழுதுவதை அடுத்த டீக்கு நடந்துபோகும்போது செய்யுங்கள், கிரீனில் நின்றுகொண்டு அன்று.

பட் எண்ணிக்கையோடு தூரத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவர் கிரீனைத் தவறவிட்டு, பந்தைக் குழிக்கு ஒரு மீட்டர் அருகே தட்டிவைத்து, ஒரே பட்டில் முடிக்கிறார். இன்னொருவர் நேராகக் கிரீனில் ஏற்றி, 15 மீட்டர் தூரத்திலிருந்து இரண்டு பட்டில் முடிக்கிறார். பட் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதலாமவர் சிறந்தவர்போலத் தெரியும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, ஒவ்வோர் அடியையும் அது அடிக்கப்பட்ட தூரத்தின் சராசரியோடு ஒப்பிடும் முறையை வகுத்தார். அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் 2011இல் முதலில் பட்டிங்குக்கு அதை ஏற்றுக்கொண்டது. அந்த டூரின் ஆட்டக்காரர்களே 8 அடித் தூரத்து, அதாவது ஏறத்தாழ 2.4 மீட்டர் பட்டில் பாதியைத்தான் குழியில் இறக்குகிறார்கள். 10 மீட்டரிலிருந்து சராசரியாக இரண்டு பட் எடுக்கிறார்கள். ஐந்து தப்படியிலிருந்து ஒரு பட் தவறியதற்காகத் தலையில் அடித்துக்கொள்ளும் நம் நண்பர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

நோட்டைப் படிக்கும் விதம்

என் முதல் பத்துச் சுற்றுகளின்போது, என் குறையெல்லாம் பட்டிங்கில்தான் என்று உறுதியாக நம்பினேன். மாலைதோறும் பயிற்சிக் கிரீனிலேயே நின்றேன். நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது பத்துச் சுற்றுகளில் 23 பந்துகளைத் தொலைத்தோ எல்லைக்கு வெளியே அடித்தோ இருந்தேன். அவற்றில் 17 வலப்பக்கம், அதிலும் பெரும்பாலானவை செம்பனைக் காட்டை ஒட்டிய இரண்டே குழிகளில். தொலைந்த பந்துக்கும், எல்லையைக் குறிக்கும் வெள்ளைக் கழிகளைத் தாண்டிய பந்துக்கும் அடித்த அடியும் வீண், தண்டனை அடியும் ஒன்று, ஆக இரண்டு. சுற்றுக்கு 4.6 அடி இப்படியே போயிருந்தது. அந்த இரண்டு குழிகளிலும் டிரைவர் என்னும் நீண்ட மட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு, சிறிய மட்டையால் அடிக்கத் தொடங்கினேன். அடுத்த பத்துச் சுற்றுகளில் தொலைந்தவை 11. தூரம் குறைந்ததனால் மிச்சமானதில் ஒரு பகுதி திரும்பிப் போயிருக்கும் என்றாலும், சிறந்த 8 போக மீதி 12 சுற்றுகளின் சராசரி தெளிவாக இறங்கியது. பிராடியின் ஆய்வும் இதையொட்டியே சொல்கிறது: நல்ல ஆட்டக்காரருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் இடையிலான வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, குழியிலிருந்து 100 கஜத்துக்கு அப்பால் அடிக்கும் அடிகளிலிருந்தே வருகிறது.

சிறிய எண்ணிக்கைகளை நம்பி அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். 18 குழிகளில், டீக்கும் கிரீனுக்கும் இடையிலான ஃபேர்வே என்னும் புல்வெளிக்கு அடிக்கும் வாய்ப்பு வழக்கமாக 14தான். ஒரு சுற்றில் 7, அடுத்ததில் 9 என்று வந்தால் அது முன்னேற்றம் என்று சொல்வதற்கில்லை. நாணயத்தைச் சுண்டினாலும் அந்த அளவு ஏற்ற இறக்கம் வரும். 20 சுற்றுகள் சேர்ந்தால் 280 அடிகள். அப்போது பாதியாக இருந்தது மூன்றில் இரண்டு பங்கானால் அதை நம்பலாம். என் அப்பாவும் ஒரு நாள் பாலை வைத்து ஒரு மரத்தை மதிப்பிட்டதில்லை.

மழை நாள்களைத் தனியே குறித்து வையுங்கள். அன்றைய நிலைமைக்கேற்ப வேறுபாட்டு எண்ணைத் திருத்தும் ஏற்பாடு ஹேண்டிகேப் முறையில் இருக்கிறது. ஆனால் அது வேலை செய்ய, அன்று அந்தத் திடலில் குறைந்தது எட்டுக் கார்டுகள் சேர வேண்டும். வாரநாளில் நம்மைப் போன்ற சிறிய கிளப்பில் எட்டுப் பேர் கூடுவது அரிது. ஃபேர்வே சேறாக இருந்து பந்து உருளாத நாளில் கூடிய நான்கு அடிகளை உங்கள் நோட்டின் ஓரத்தில் எழுதிய "மழை" என்ற சொல் மட்டுமே விளக்கும்.

பத்துச் சுற்று முடிந்ததும் ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள். சுற்றுக்கு மிகுதியான அடிகளை விழுங்குவது எதுவோ அதுவே முதலில் வரட்டும். எளிதில் திருந்தக்கூடியது எது, விருப்பமான பயிற்சி எது என்ற எண்ணம் பிறகு. அந்தக் குறைக்கு மட்டும் அடுத்த பத்துச் சுற்றுகள் வரை பயிற்சி எடுத்து, இரண்டு பத்துகளையும் அருகருகே எழுதி ஒப்பிடுங்கள். பயிற்சியாளரிடம் போகிறவர்கள் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். "பந்து சரியாகப் போகவில்லை" என்பதைவிட "23இல் 17 வலப்பக்கம்" என்பது அவருக்கு அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

நோட்டு நிறைந்து புதியது தொடங்கும்போது, பழையதை எறிந்துவிடாமல், அதிலிருந்து நான்கு எண்களைப் புதிய நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எடுத்தெழுதுங்கள்: இதுவரை எட்டிய மிகக் குறைந்த இண்டெக்ஸ், மீதி 12இன் சராசரி, சுற்றுக்குத் தொலைந்த பந்துகள், மூன்று பட் எடுத்த குழிகள். அடுத்த கார்டிலிருந்து இரண்டாம் பக்கம் தொடங்கலாம்.